இராசமாணிக்கத்தின் இடது காது

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலையைத் தாண்டிப் போகும் தனியார் பஸ் ஒன்றை இராசமாணிக்கம் இருபத்தாறு வருடங்கள் ஓட்டினார். நல்ல சாரதி என்று அவரைச் சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் அவரே நம்பமாட்டார். அத்தனை வருடங்களில் ஒரே ஒரு முறைதான் ஒருவர் அவருடைய பஸ்ஸிலிருந்து விழுந்தார். அன்றைக்குப் பிறகு அவர் சாரதியாக இல்லை.

அந்தப் பாதையில் மழைக்காலத்துப் பனிமூட்டம் முற்பகலிலேயே இறங்கிவிடும். பத்தடிக்கு அப்பால் வெள்ளைச் சுவர். அப்போது கண்ணை நம்பி ஓட்ட முடியாது. வளைவுக்கு முன்னால் ஹோர்ன் அடித்துவிட்டு, யன்னல் கண்ணாடியை இறக்கி, எதிரிலிருந்து பதில் வருகிறதா என்று காதைக் கொடுக்க வேண்டும். அது வலது காதின் வேலை. இடது காது பஸ்ஸின் உள்பக்கத்துக்கு உரியது. வாசற்படியில் தொங்கிக்கொண்டிருக்கும் நடத்துநர் எப்போது புறப்படச் சொல்லி “ஹரி” என்கிறார், எப்போது பலகையில் தட்டி நிறுத்தச் சொல்கிறார் என்று கேட்பது அந்தக் காது. அவருடைய நடத்துநர் உக்குவளையைச் சேர்ந்த ஸியாம். நாற்பதைத் தாண்டியவர், பதினேழு வருடக் கூட்டாளி, வாய் ஓயாதவர்.

“அண்ணே, புத்தர் பன்சலயடியில நிப்பாட்டச் சொன்னா பாலத்தடியில நிப்பாட்டுறீங்க. காதுல பஞ்சா வச்சிருக்கீங்க?” என்று ஒருநாள் ஸியாம் கேட்டார்.

“நீ கத்துற கத்துக்கு பஞ்சு வைக்காட்டி ரெண்டு காதும் போயிரும்டா” என்றார் இராசமாணிக்கம்.

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அந்த மாதங்களில் இடது காதில் போனை வைத்தால் குரல் மட்டும்தான் கேட்டது, சொற்கள் கரைந்து போயின. காதுக்குள் ஒரு மெல்லிய விசில், ஆஃப் பண்ண முடியாத வானொலியைப் போல. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வது போல ஒரு உணர்வும் இருந்தது. கண்டியில் காது மருத்துவரிடம் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். இடது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் மேல் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் மெதுவாக வளரக்கூடியது.

கட்டி என்ற சொல்லைக் கேட்ட அன்றே அவருடைய மனைவி கமலாட்சி முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டாள். அவள் வீட்டில் தையல் இயந்திரம் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். காரணமில்லாமல் கோயிலுக்கு அலைகிற ஆள் அல்ல. கேட்பதைத் தெளிவாகக் கேட்டாள். தலையில் கத்தி வைக்காமல் இது தீர வழி பிறந்தால் அவருக்கு மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்தாள்.

சாதாரண மொட்டை இல்லை அது. ஐம்பத்து மூன்று வயதிலும் இராசமாணிக்கத்துக்கு அடர்ந்த சுருள்முடி. சீப்பு உள்ளே போனால் திரும்பி வராது என்று ஸியாம் சொல்வார். வேறு எதிலும் பெருமை காட்டாத மனிதர், சாரதி ஆசனத்துக்கு மேலிருந்த கண்ணாடியை மட்டும் பின்னால் வரும் வாகனத்துக்காக அல்லாமல் திருப்புவது உண்டு.

கண்டியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த மருத்துவர் ஒருவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து நிதானமாக விளக்கினார்.

“கத்தி வைக்கத் தேவையில்லை. இயந்திரம் உங்க தலையைச் சுத்திவரும். பல பக்கத்திலயிருந்து கதிர் வரும். ஒவ்வொண்ணும் வர்ற வழியில பெரிசா ஒண்ணும் செய்யாது. எல்லாம் வந்து சேர்ற அந்தப் புள்ளியிலதான் வேலை நடக்கும். ஒரே நாள், முக்கால் மணித்தியாலம். சாயந்தரம் வீட்டுக்குப் போகலாம்.”

“காது திரும்பக் கேக்குமா டொக்டர்?” என்று கமலாட்சி கேட்டாள்.

“போனது திரும்பாதும்மா. கட்டிய வளரவிடாம நிப்பாட்டலாம். இப்ப இருக்கிற கேக்குற திறன காப்பாத்தப் பாக்கலாம். இப்ப பாதிக்கு மேல இருக்கு. அத வச்சு அவர் வேலை செய்யலாம். அதனால தள்ளிப்போடாதீங்க.”

இராசமாணிக்கத்துக்கு ஆறுதலும் வந்தது, கூடவே ஒரு சின்ன ஏமாற்றமும் வந்தது. இதைப் பின்னாளில் பலமுறை அவர் தனக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறார். வெட்டு இல்லை, தையல் இல்லை, இரத்தம் இல்லை, ஊசிகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வரும், தெரியாத ஒன்றைச் செய்யும், தெரியாமலே போகும். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கசப்பு மருந்தைக் குடித்து வளர்ந்த உடம்பு அவருடையது. வலி கொடுக்காத எதையும் அந்த உடம்பு வைத்தியமாக எடுத்துக்கொள்ளப் பழகவில்லை. மனிதர்கள் பலருக்கும் இப்படித்தான் என்று தோன்றுகிறது. ஒரு காரியம் உண்மையா என்பதை அது நமக்கு எவ்வளவு நோவு கொடுத்தது என்று பார்த்தே தீர்மானிக்கிறோம். தவறான அளவுகோல்தான். வேறு அளவுகோல் கைவசம் இருப்பவர்கள் குறைவு.

இரண்டு வாரம் கழித்து, தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் ஒன்றைச் செய்யக் கூப்பிட்டார்கள். கமலாட்சியை வெளியே வாங்கில் உட்காரவைத்துவிட்டு அவரை மட்டும் உள்ளே அழைத்துப் போனார்கள். கதிர்வீச்சுப் பிரிவில் வேலை செய்யும் ஒரு சிங்களப் பெண், முப்பது வயது இருக்கலாம், எல்லோரும் ‘மிஸ்’ என்று கூப்பிட்டார்கள். சுடுநீர்த் தொட்டியிலிருந்து வலை போன்ற ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, அவருடைய முகத்தின் மேல் வைத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பலகையில் பூட்டினாள். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு குளிர்ந்தது, குளிரக் குளிர இறுகியது. மூக்கு, தாடை, நெற்றி, பின்தலை எல்லாம் அச்சில் வார்த்தது போல் பிடித்துக்கொண்டன. கண்ணைத் திறக்க முடியவில்லை. தலை ஒரு மயிரிழை அசையவில்லை. அப்படியே ஸ்கேன் எடுத்தார்கள்.

மாஸ்க்கைக் கழற்றியபின் மிஸ் அவருடைய வலது பக்கம் வந்து நின்று சிங்களத்தில் சொன்னாள்:

“அங்கிள், பன்னண்டு நாள்ல ட்ரீட்மென்ட். அதுவரைக்கும் முடிய வெட்டவேணாம். மொட்டையும் அடிக்கவேணாம். இந்த மாஸ்க் இந்தத் தலைக்குத்தான் சரி. கொஞ்சம் லூசானாலும் செய்யமாட்டாங்க.”

இராசமாணிக்கத்துக்குச் சிங்களம் தமிழ் மாதிரியே. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. தலையையும் ஆட்டினார்.

வெளியே வந்ததும் கமலாட்சி எழுந்து, “என்னாங்க சொன்னாங்க?” என்றாள்.

“பன்னண்டு நாள் கழிச்சு வரணுமாம்.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

அந்த நேரத்தில் அதில் மறைக்க எதுவும் இல்லை. முடியைப் பற்றிய பேச்சு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை, அவ்வளவுதான். மாத்தளைக்குத் திரும்பும் பஸ்ஸில், குருநாகலைத் தாண்டியபிறகு, கமலாட்சி தானே ஆரம்பித்தாள்.

“ஏங்க, நான் ஒண்ணு நேந்திருந்தேன். ஒங்ககிட்ட சொல்லல்ல. கத்தி வைக்காம ஆகணும்னு. ஆத்தா செஞ்சு குடுத்துட்டா. வர்ற கெழம மகம். அன்னைக்கே மொட்ட போட்டுரலாங்க. அவ குடுத்ததுக்கு நாம குடுக்காம அந்தக் கதிர் கரண்ட் பிடிக்கப் போறது சரியில்ல.”

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ‘அந்த மிஸ் வேணாம்னு சொன்னா, பிறகு போடலாம்’ என்று சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. கமலாட்சி வருத்தப்படுவாள், வாக்குவாதம் வரும் என்று அவர் நினைத்தார். கேட்டுப் பார்க்காமலே அவள் சொல்லக்கூடிய பதிலைத் தானே எழுதிக்கொண்டார். முப்பது வருடம் ஒருவரோடு வாழ்ந்தவர்கள் பலரும் செய்வது இது. அதோடு, மருத்துவர்களுடைய விதிகளில் பாதி வெறும் முன்னெச்சரிக்கைக்காகச் சொல்வது என்பது அவருடைய அபிப்பிராயம். ஐம்பது பேர் ஏறவேண்டிய பஸ்ஸில் எண்பது பேரை ஏற்றிப் பழகிய மனிதர். எந்த அளவுக்கும் சற்று இடம் இருக்கும் என்று நம்பினார். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அவர் பயந்திருந்தார். நோகாத அந்தச் சிகிச்சைக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்தால்தான் அது பலிக்கும் என்று மனதின் ஒரு மூலை சொன்னது. கொடுப்பதற்கு அவரிடம் முடிதான் இருந்தது.

“சரி, போடலாம்” என்றார்.

மாசி மகத்தன்று காலை கோயில் வளவில் முடி இறக்கினார்கள். சுருள் சுருளாக மடியிலும் மண்ணிலும் விழுந்தது. கமலாட்சி சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுக்கப் பூசினாள். காற்று பட்டதும் தலை எடையில்லாமல் போனது போல் இருந்தது. வைத்தியம் அன்றுதான் தொடங்கியது போல அவருக்கு ஒரு திருப்தி. தேர் வீதிக்கு வந்தபோது கூட்டத்தில் நின்று கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை.

மறுநாள் பஸ் நிலையத்தில் ஸியாம் அவரைச் சுற்றிவந்து பார்த்தார். “அண்ணே, இனி பனிக்குள்ள ஹெட்லைட் போடத் தேவல்ல.”

“வாய மூடிட்டு டிக்கட்ட எழுதுடா.”

குறித்த நாளில் விடியற்காலைப் பஸ்ஸில் கொழும்புக்குப் போனார்கள். இராசமாணிக்கம் தொப்பி போட்டிருந்தார். உள்ளே போனதும் அதைக் கழற்றினார். மிஸ் அவருடைய தலையைப் பார்த்தாள். மாஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டிப் பூட்டினாள். பன்னிரண்டு நாளைக்கு முன் மயிரிழை அசையாத தலை இப்போது உள்ளே இலேசாகப் புரண்டது. நெற்றிக்கு மேலே அவளால் ஒரு விரலை நுழைக்க முடிந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள், சரிசெய்து மறுபடி எடுத்தார்கள், மருத்துவர் வந்து பார்த்தார். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகுகிறது. கட்டிக்கு அடுத்தாற்போல் மூளையின் தண்டு இருக்கிறது. இன்றைக்கு முடியாது என்றார்.

மிஸ் அவரை வெளியே கூட்டிவந்தாள். கமலாட்சி எழுந்து வந்தாள். நடைபாதையில் மூவரும் நின்றார்கள். மிஸ் கோபப்படவில்லை, களைத்துப்போன குரலில் கேட்டாள்: “முடிய எடுக்கவேணாம்னு சொன்னேனே அங்கிள்?”

இராசமாணிக்கம் இடது காதைத் தொட்டுக் காட்டினார். “எனக்குக் கேக்கல மிஸ்.”

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. “ஐயோ, சொரி அங்கிள். நான் அந்தப் பக்கமா நின்னு சொல்லியிருப்பேன். எழுதிக் குடுத்திருக்கணும்.”

கமலாட்சிக்கு அந்த அளவு சிங்களம் விளங்கும். அவள் முன்னால் வந்தாள். “மிஸ் மேல பிழையில்ல. நான்தான் மிஸ் மொட்ட போட வச்சது. நான்தான்.”

ஒரே பொய்யை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டார்கள். அதைச் சொன்னவர் நடுவில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மருத்துவர் உள்ளே கூப்பிட்டு அவரிடம் தனியாகச் சொன்னார்: “பெரிய விஷயமில்ல. மொட்டைத் தலைக்கே புது மாஸ்க் செய்யலாம். அடுத்த கிழமை வாங்க, திரும்பக் கணக்குப் போட்டு மாதக் கடைசிக்குள்ள முடிச்சிரலாம். ஆனா வரணும்.” இராசமாணிக்கம் போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் போன் பண்ணவில்லை.

அடுத்த வாரம் போனால் அதே மிஸ் அதே அறையில் இருப்பாள். வலது பக்கம் நின்று சொன்னது அவளுக்கு நினைவு வந்துவிட்டால்? தலையாட்டியது நினைவு வந்துவிட்டால்? ஒரு சின்னப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதன் தன் உடம்பில் ஓர் உறுப்பையே பணயம் வைப்பான் என்றால் கேட்பதற்கு அபத்தமாக இருக்கிறது. ஆனால் உள்ளேயிருந்து பார்ப்பவனுக்கு அது அப்படித் தெரிவதில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று மட்டும்தான் தெரியும். மறுநாளும் ‘இன்று’ என்ற பெயரோடுதான் வருகிறது.

“ஏங்க, எப்ப வரச் சொன்னாங்க?” என்று கமலாட்சி ஒருநாள் கேட்டாள்.

“முடி பழையபடி வளரணுமாம். அப்பதான் செய்வாங்களாம்” என்றார்.

இது இரண்டாவது பொய். முதலாவதைவிட மோசமானது, யோசித்துச் சொன்னது. கமலாட்சி அதை அப்படியே நம்பினாள். கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தினமும் காலையில் அவருடைய தலையில் தேய்த்தாள். தேய்க்கும்போது விரல்களால் அளந்து பார்ப்பாள். “இன்னும் ரெண்டு மாசம் போகணும் போல” என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். அந்த விரல்களின் கீழ் அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்.

பஸ் நிலையத்தில் கதை வேறு மாதிரிப் போயிற்று. என்ன நடந்தது என்று ஸியாம் கேட்டபோது, “கமலா நேந்துக்கிட்டா, மொட்ட போட்டோம், மாஸ்க் லூசாயிருச்சு” என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஸியாம் அதை எடுத்துக் காரம் மசாலா சேர்த்து, டிக்கட் எழுதும்போதெல்லாம் சொன்னார். “எங்கட அண்ணன் காது நல்லாத்தான் இருந்திச்சு. அக்கா மொட்ட போட்டு வழிச்சிட்டா.” மாத்தளையிலிருந்து மலை உச்சிவரை அந்தக் கதை தினமும் இரண்டு தடவை போய்வந்தது. கோயிலிலும் பெண்கள் கேட்டார்கள், “ஆஸ்பத்திரியில கேக்காம ஏன் கமலா இப்படிச் செஞ்ச?” அதன்பின் அவள் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவது குறைந்தது, பிறகு நின்றது.

ஏழு மாதங்கள் இப்படிப் போயின.

ஒக்டோபரில் ஒரு நாள் காலை எழுந்தபோது இடது காதில் அந்த விசில்கூட இல்லை. பனிக்குளிர் என்று நினைத்தார். மலை ஏறும்போது காது அடைப்பது வழக்கம்தானே என்று பஸ்ஸை எடுத்தார். ரிவர்ஸ்டனுக்கு மேலே பனிமூட்டம். தோட்டத்துப் பெண் ஒருவர் மூட்டையோடு இறங்குவதற்காக நிறுத்தினார். ஒரு காலைத் தரையில் வைத்தவர், உள்ளே விட்ட குடையை எடுக்கத் திரும்பியிருக்கிறார். ஸியாம் “ஹரி” சொல்லவில்லை. “இருங்கண்ணே, இருங்க” என்று கத்தியிருக்கிறார், பலகையில் அடித்திருக்கிறார். வலது காதை யன்னலுக்கு வெளியே கொடுத்திருந்த இராசமாணிக்கத்துக்கு, எஞ்சின் இரைச்சலில் அது எதுவும் கேட்கவில்லை. “ஹரி” தன் காதில் விழாமல் போயிருக்கும், இறங்கி முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கிளட்சை விட்டார்.

கீழே விழுந்த அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. அதே பஸ்ஸைத் திருப்பி இரத்தோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் திட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, “எத்தன நாளைக்கு கொழுந்தெடுக்க மலைக்கு ஏற முடியாதுங்க?” என்று மட்டும் கேட்டார். இராசமாணிக்கம் மாலையில் பஸ் முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார்.

அதன் பிறகுதான் கொழும்புக்குப் போனார். கட்டி வளர்ந்திருந்தது. ஒரே நாளில் முடிக்க இனி முடியாது, ஐந்து நாட்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். இடது காதின் கேட்கும் திறன் முற்றாகப் போய்விட்டது என்று பரிசோதனையில் தெரிந்தது. மாஸ்க் அறைக்குள் தலையைக் குனிந்துகொண்டே போனார். அதே மிஸ்தான். கோப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சிரித்தாள். அவளுக்கு அவரை ஞாபகமே இல்லை. ஏழு மாதங்களில் எத்தனை தலைகளுக்கு மாஸ்க் செய்திருப்பாள். முடிந்ததும், “அங்கிள், அடுத்த தடவை வர்ற வரைக்கும் முடிய வெட்டவேணாம்” என்று அதே தொனியில் சொன்னாள். இந்தத் தடவை ஒரு கடதாசியிலும் எழுதிக் கொடுத்தாள்.

யாருடைய பார்வைக்குப் பயந்து ஒளிந்திருந்தாரோ, அந்தப் பார்வை எங்குமே இருந்திருக்கவில்லை.

ஐந்து நாட்களும் ஒன்றும் தெரியவில்லை. பூட்டிய முகத்தோடு படுத்திருந்தார். இயந்திரத்தின் கை தலையைச் சுற்றி வந்து நின்றது, மறுபடி சுற்றியது. வலது காதில் ஒரு முனகல் சத்தம் மட்டும். பிறகு எழுந்து, தேநீர் குடித்துவிட்டு, கமலாட்சியோடு மருதானையில் உறவினர் வீட்டுக்குப் போனார். நோவில்லை, தழும்பில்லை. அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லலாம்: சொன்னதைச் செய்தது, சொல்லாததைச் செய்யவில்லை. மனிதர்களில் அப்படி அதிகம் பேரை அவர் பார்த்ததில்லை. தன்னையும் சேர்த்துத்தான்.

இப்போது அவர் மாத்தளை நகரில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கும் கடையொன்றில் தராசடியில் நிற்கிறார். யாராவது இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பிப் பார்ப்பார். ஒரு காது மட்டும் இருந்தால் சத்தம் கேட்கும், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. கடைக்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.

போன மாதம் வருடாந்த ஸ்கேனின் முடிவைக் கேட்கக் கண்டிக்குப் போனார்கள். கொழும்பு மருத்துவர் மாதத்தில் ஒருநாள் அங்கே வருவார். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார்.

“வளரவே இல்ல. கொஞ்சம் சுருங்கியும் இருக்கு. நல்லா வேலை செஞ்சிருக்கு. முதல்லயே செஞ்சிருந்தா காதும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பரவாயில்ல, உயிருக்குப் பயமில்ல.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கமலாட்சி தலையைக் குனிந்துகொண்டாள், நீதிமன்றத்தில் நிற்பவளைப் போல.

மாத்தளை பஸ்ஸில் அவள் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தாள். பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியது.

“நல்ல செய்திதானே கமலா” என்றார்.

“ஆமாங்க. எனக்குத்தான் சந்தோசப்பட முடியல்ல. ஒங்க காத நான்தானே எடுத்தேன். ஊரே சொல்லுது. ஆத்தா முகத்துல முழிக்க முடியல்லங்க எனக்கு.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் தோளைத் தட்டியிருப்பார், அதோடு அன்றைய நாளும் போயிருக்கும். தைத்த துணியில் ஒரு பிழையைக் காட்டுவது போலச் சொன்னாள்.

“கமலா” என்றார் இராசமாணிக்கம். “அந்த மிஸ் சொன்னது எனக்குக் கேட்டுச்சு.”

“எந்த மிஸ்?”

“மாஸ்க் செஞ்ச அன்னைக்கு. முடிய எடுக்கவேணாம்னு. நல்லாக் கேட்டுச்சு. வலது பக்கம் நின்னுதான் சொன்னா.”

கமலாட்சி அவரைப் பார்த்தாள்.

“முடி வளரணும்னு சொன்னதும் பொய். அடுத்த கெழமையே வரச் சொன்னாங்க. நான்தான் போகல்ல.”

பஸ் அக்குறணை கடைத்தெருவுக்குள் நுழைந்து மெதுவாக ஊர்ந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கமலாட்சி மடியிலிருந்த ஸ்கேன் பையின் விளிம்பை நேராக்கிக்கொண்டே இருந்தாள். அலவத்துகொடை வந்தது. அவர் காத்திருந்தார். இருபத்தாறு வருடம் ஓட்டியவருக்கு ஒரு பயணம் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

“பஸ்ஸுல வச்சு நான் கேட்டனே, அப்பவே தெரியுமா?” என்றாள் கடைசியில்.

“தெரியும்.”

“சொல்லியிருந்தா தள்ளிப் போட்டிருப்பேனே. ஆத்தா என்ன பஸ்ஸா, விட்டா போயிர்றதுக்கு? அடுத்த மகத்துக்குப் போட்டிருக்கலாம். ஒரு வார்த்த.”

“நீ ஒத்துக்கமாட்டேன்னு நெனச்சேன்.”

“கேட்டீங்களா?”

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏழு மாசம் எண்ண தேச்சேன்” என்றாள் கமலாட்சி. குரலை உயர்த்தவில்லை. “ஒங்க காதுக்காக நான் கோயிலயும் விட்டேன். கோயிலடியில யாராவது சிரிச்சா என்னயப் பாத்துத்தான்னு நெனப்பேன். ஸியாமுக்குத் தெரியுமா இது?”

“தெரியாது.”

“அவன்தானே ஊரெல்லாம் கொண்டுபோனது. அவன்கிட்ட நீங்க சொல்லணும். எனக்குச் சொன்ன மாதிரியே.”

“சொல்றேன்.”

“இன்னைக்கே.”

மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்கியபோது மூன்றரை மணி இருக்கும். ரிவர்ஸ்டன் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஸியாம் வாசலில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இராசமாணிக்கத்தைக் கண்டதும் இறங்கி, பழக்கமாக வலது பக்கம் வந்து நின்றார்.

“அண்ணே, டொக்டர் என்னா சொன்னாரு? அல்ஹம்துலில்லாஹ், மொகம் நல்லாருக்கு. அக்கா, இனியொரு மொட்ட கிட்ட போட்டுராதீங்க.”

“அது அவ பிழையில்ல ஸியாம்” என்றார் இராசமாணிக்கம்.

“சும்மா பகிடிக்குண்ணே.”

“இல்ல, கேளு. ஆஸ்பத்திரியில மொட்ட அடிக்கவேணாம்னு எனக்குச் சொன்னாங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கேட்டும் அவகிட்ட மறைச்சேன். ஏன்னு அவங்க கேட்டப்ப, காது கேக்கல்லன்னு பொய் சொன்னேன். பொறகு போகாம இருந்ததும் நான்தான். நீ சொல்ற கதை முழுக்கப் பிழை.”

முன்சீட்டு யன்னலோரம் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒருத்தி கமலாட்சியோடு கோயிலுக்குப் போகிறவள். புதிய சாரதி ஹோர்ன் அடித்தார்.

“ஏன்ணே இத இப்ப…” என்றார் ஸியாம்.

“நீ நாளைக்குப் பஸ்ஸுல சொல்லணும். மத்ததச் சொன்ன மாதிரியே சொல்லு.”

“அது சிரிக்கிற கதையில்லையேண்ணே.”

“தெரியும்.”

ஸியாம் கமலாட்சியின் பக்கம் திரும்பினார். “அக்கா, நான்…” என்று தொடங்கினார். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். பஸ் வீதிக்குத் திரும்பும்வரை அவர் “ஹரி” என்றுகூடக் கத்தவில்லை.

இராசமாணிக்கம் திரும்பிப் பார்த்தபோது கமலாட்சி அங்கே இல்லை. ஸ்கேன் பையைக் கையில் பிடித்தபடி வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். மன்னித்துவிட்டாளா என்று அந்த நடையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. வேகமாகவும் போகவில்லை, அவருக்காக நிற்கவும் இல்லை. இராசமாணிக்கம் இருபதடி பின்னால் நடந்தார். கூப்பிட்டிருக்கலாம். ஒன்றரை வருடம் அவளைக் குற்றவாளியாக நிற்கவைத்தது போதும் என்று தோன்றியது, கூப்பிடாமல் பின்னால் போனார்.